பகலில் அணைந்த பெட்டி

அந்த ரிமோட்டை அவருடைய கணவர் கையில் கொடுத்தது நான்தான். யார் மீது கோபப்பட ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறேன்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் கிளினிக் இருக்கிறது. நான் நரம்பியல் மருத்துவர். சென்னையில் படித்து, அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவள். அந்த அம்மாள் முதல்முறை வந்தபோது வலது கை மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டிபன் கடை வைத்திருந்தார். பௌர்ணமியன்று அவர் கடையில் நிற்க இடம் இருக்காது. நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயதுதான் ஆகியிருந்தது, பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது.

முதல் சில வருடங்கள் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. பிறகு அதன் வேகம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோக ஆரம்பித்தது. தீர்ந்தால் உடம்பு மரக்கட்டை. அளவைக் கூட்டினால் கையும் தலையும் தானாக முறுக்கிக்கொண்டு ஆடும். கடையை மூடினார். பாயில் படுத்தால் புரண்டு படுக்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

மூளைக்குள் ஆழமாக இரண்டு மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, கழுத்துத் தோலுக்கு அடியில் ஒயரைக் கொண்டுவந்து, காலர் எலும்புக்குக் கீழே ஒரு சிறிய பெட்டியில் இணைக்கும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னேன். பெட்டி இரவும் பகலும் மூளைக்கு மெல்லிய மின்துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். நோய் போகாது, ஆனால் உடம்பு இளகும். கணவர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். அடி அண்ணாமலைப் பக்கமே சொந்தமாக நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர் அவர். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி.

"தோசையத் திருப்ப முடியுங்களா டாக்டரம்மா?"

"முடியும்னு நினைக்கிறேன்" என்றேன்.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறியதும் என் கிளினிக்கில் வைத்துத்தான் பெட்டியை முதன்முதலாக இயக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக மின்னோட்டத்தை ஏற்ற ஏற்ற, மடங்கியே கிடந்த விரல்கள் விரிந்தன. நடுக்கம் நின்றது. எழுந்து கதவு வரை நடந்தார், யாரையும் பிடிக்காமல் திரும்பினார். "ஐயோ, இது என் கைதானா?" என்று சிரித்தார். கணவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அதைச் செய்தேன். பெட்டியை நிறுத்தவும் இயக்கவும் நோயாளிக்கென்று ஒரு ரிமோட் உண்டு. நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் இரண்டு முறை செய்து காட்டினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாருடைய மூளையில் கம்பி இருக்கிறதோ அந்த மனுஷி பக்கத்து நாற்காலியில் ஜாக்கெட் கொக்கியைத் தன் கையாலேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் எல்லாம் நன்றாக நடந்தது. கடையைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் கணவர் அவரைத் தாங்கிப் பிடித்தபடி அழைத்து வந்தார்.

"நடுவுல நடுவுல திரும்பவும் மரம் மாதிரி ஆயிடறா மேடம். பவரைக் கூட்டி வைங்க."

கூட்டினேன். அடுத்த மாதமும் அதே புகார். அந்த அம்மாளைப் பார்த்து, "மாத்திரைய நேரத்துக்கு சாப்பிடறீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்று அதட்டினேன். "சாப்பிடறேன்" என்றார், கணவரைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பார்வையை நான் கவனித்தேன். நோயாளி பொய் சொல்கிறார், கணவர் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கம்பி இடம் மாறியிருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு அனுப்பினேன். அந்த உடம்போடு பஸ்ஸில் போய் வந்தார். கம்பி வைத்த இடத்திலேயே இருந்தது.

பெட்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு பெட்டிக்குள்ளேயே இருக்கும். முதல் புகார் வந்த அன்றே அதைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது அவர்கள் மூன்றாவது முறை வந்தபோதுதான். காலர் எலும்பின் மேல் கருவியை வைத்து, திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டிய பெட்டி, பாதி நேரம்கூட ஓடியிருக்கவில்லை.

"இதை யாராவது நிறுத்தினீங்களா?"

கணவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாங்க மேடம், நான்தான். பேட்டரி தீந்தா மறுபடியும் ஆபரேஷன்னு நீங்கதான சொன்னீங்க? சும்மா உக்காந்திருக்கும்போது எதுக்கு ஓடணும்? எங்க போர் மோட்டார எந்நேரமும் ஓட விட்டா காயில் எரிஞ்சிடும்ங்க."

ஒரு கணம் அதை நம்பிவிட்டேன். அறியாமைதான், நான் சரியாக விளக்கவில்லை என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் அந்த அம்மாள் பேசினார். அன்று காலையிலும் பெட்டி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். கிளம்பும்போதுதான் கணவர் ஓடவிட்டிருந்தார். குரல் இன்னும் முழுதாக வரவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"பேட்டரிக்காக இல்லீங்க. நான் எதுத்துப் பேசினா அணைச்சிடுவாரு."

"ஏய், என்ன பேசற நீ?" என்றார் கணவர்.

அந்த அம்மாள் நிறுத்தவில்லை. "கடைக்குப் போகணும்னு சொன்னேன். அணைச்சாரு. எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகணும்னேன். அணைச்சாரு. முதல்ல கை ஆடும். அப்புறம் கால் இறுகும். கடைசியில வாயும் கட்டிக்கும். சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடும். அவரு சட்டைய மாட்டிகினு வெளிய போயிடுவாரு."

"ஆபரேஷனுக்கு அப்புறம் இவளுக்குப் பேச்சு ஜாஸ்தி ஆயிடுச்சு மேடம்" என்று கணவர் என்னிடம் முறையிட்டார். நான் அவர் கட்சி என்றே நினைத்திருக்கிறார். அப்படி நினைக்க நான்தானே இடம் கொடுத்திருந்தேன்?

இருபது வருட மருத்துவ வாழ்க்கையில் நான் நோயாளியின் வீட்டாரிடம் அப்படிக் கத்தியதில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஒரு மனுஷியோட உடம்ப ஸ்விட்ச் போட்டு அணைக்கறதுக்கு நீங்க யாரு? கை காலக் கட்டிப் போட்டு வாயில துணிய அடைச்சா போலீஸ் வரும். இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். எப்படி இயக்குவது என்று முதன்முறையாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நியாயத்தை நிலைநாட்டிவிட்டது போல அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. எங்களிடம் இருந்தது கணவரின் போன் நம்பர் மட்டும்தான், அதையும் யாரும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையின் தகரக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர், "அந்தம்மா கீழ்பென்னாத்தூருக்கு அண்ணன் வீட்டாண்ட போயிடுச்சுங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நடந்துதான் வந்தார். ரிமோட்டை ஒரு சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"அன்னிக்கு நீங்க அப்படிக் கத்தியிருக்கக் கூடாது டாக்டரம்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"நீங்க கத்திட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டீங்க. நான் அவரு வண்டியிலதான ஏறிப் போனேன்? ஊரே கேக்கற மாதிரி அசிங்கப்படுத்திட்டன்னு வழியெல்லாம் திட்டு. வீட்டுக்குப் போனதும் அதப் புடுங்கி ஒளிச்சு வெச்சுட்டாரு. ஒன்பது நாள். தண்ணி குடிக்க ஆள் வேணும் எனக்கு."

ஒன்பது நாள். திடீரென்று அப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்குத் தெரியும். நிறுத்திய கணவருக்குத் தெரியாது. அண்ணி எதேச்சையாகப் பார்க்கப் போனவர், அந்தக் கோலத்தைப் பார்த்து, அரிசி டிரம்முக்குள் இருந்த ரிமோட்டைத் தேடி எடுத்து, அன்றைக்கே கார் வைத்து அழைத்துப் போயிருக்கிறார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். "சரி விடுங்க" என்றாரே தவிர மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மின்னோட்டத்தைச் சரிசெய்யும்போது ஒரு சிக்கல் வந்தது. ஏற்றினால் நடை நன்றாக இருக்கிறது, ஆனால் நாக்கு குழறுகிறது. இறக்கினால் பேச்சு தெளிகிறது, வலது கால் லேசாக இழுக்கிறது. இரண்டையும் அவருக்கே காட்டி, எது வேண்டும் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்முறை.

"கால் இழுத்தா இழுத்துட்டுப் போவுது. பேச்சு நல்லா இருக்கட்டும்" என்றார்.

இப்போது கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணியோடு சேர்ந்து கடை போட்டிருக்கிறார். கணவர் பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசிப் பார்த்திருக்கிறார். திரும்பிப் போவாரா என்று நான் கேட்கவில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அவர் பார்த்துக்கொள்வார். என்னால் இன்னும் அவ்வளவு அமைதியாக இருக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த நோயாளி வந்தாலும் பத்து நிமிடம் வீட்டாரை வெளியே உட்கார வைக்கிறேன். நிறைய பேருக்குப் பிடிப்பதில்லை. போன வாரம் ஒரு மருமகன், "அவங்களுக்கு என்ன தெரியும், எங்ககிட்ட கேளுங்க" என்று சண்டைக்கு வந்தார். அவருடைய மாமியார் உள்ளே என் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தேன்.