லொடக்கு மாமாவின் மஞ்சள் கோடு

கார் பழுதுபார்க்கும் கடையில் முன்மேசையில் உட்காருகிறவளுக்கு முதலில் பழக வேண்டியது சத்தம். வண்டி போடும் சத்தத்தைச் சொல்லவில்லை, வண்டிக்காரர்கள் வாயால் போட்டுக் காட்டும் சத்தத்தைச் சொல்கிறேன். மடிப்புக் கலையாத சட்டையோடு, பெரிய ஆபீசில் நாலு பேரை மிரட்டி வேலை வாங்குகிற மனிதராக இருப்பார். "என்னங்க பிரச்சினை?" என்று கேட்டால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லொடக்... லொடக்குனு வருதுங்க" என்பார். சிலருக்கு அது கடக். சிலருக்கு டொக்கு டொக்கு. ஒரு அம்மாள் மேசையைத் தட்டிக் காட்டுகிறேன் பேர்வழி என்று என் தண்ணீர் டம்ளரையே கவிழ்த்துவிட்டார். என்ன சத்தமானாலும் நான் உள்ளே திரும்பிக் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான்.

"மாமா, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க!"

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் பெயர் லொடக்கு. வாடிக்கையாளர்களே "லொடக்கு அண்ணன் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர். அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்குக் கொழுந்தியா என்ற முறையில் வந்தது, சம்பளத்தோடு சேர்ந்ததல்ல.

ஆயில் மாற்றுகிறவர் மாற்றிவிட்டுக் கை கழுவிவிடலாம். சத்தம் பிடிக்கிற வேலைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீட்டிலிருந்து கடை வாசல் வரை வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த வண்டி, மாமா ஏறி உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொள்ளும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளையைப் போல. அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பிடித்துச் சரிசெய்து அனுப்பினாலும் ரெண்டு நாளில் "இப்ப வேற மாதிரி சத்தம் வருது" என்று வந்து நிற்பார்கள். அதனால் கடையில் வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

போன வருஷம் வரை மாமாவுக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. அப்புறம் பிள்ளைகள் பிறந்தன. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, தலை நரைக்க ஆரம்பித்த பிறகு, கேட்டது ஒன்று, வந்தது இரட்டை. ரெண்டும் ஷிப்ட் போட்டு அழும். ஒன்று ஓய்ந்தால் மற்றது டியூட்டியில் சேரும். அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி, குனிந்து தூக்க முடியாது. ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது மாமாதான். அதே வீட்டு மாடியில் படுத்திருக்கும் எனக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஒண்ண என்கிட்ட குடுங்க மாமா" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "உனக்கும் காலையில வேலை இருக்குல்ல" என்று மறுத்துவிடுவார். பார்க்கிறவர்களெல்லாம் "கொடுத்து வெச்சவர்" என்றார்கள். தவமிருந்து பெற்ற பிள்ளைகள் ஆயிற்றே, களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவருக்கு வழியில்லை. எனக்கு அதில்தான் கோபம் கோபமாக வரும்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார். பள்ளிக்கூட டீச்சர், சிவப்புக் கார், வேகத்தடை ஏறினாலும் பிரேக் பிடித்தாலும் முன்பக்கம் டொக் என்று ஒரு அடி. வேறொரு கடையில் முன்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாற்றிவிட்டார்களாம். சத்தம் மட்டும் அசையவே இல்லை.

"நாளைக்குப் பசங்கள கூட்டிட்டு மலை மேல தங்கச்சி வீட்டுக்குப் போகணும். இந்தச் சத்தத்தோட போக பயமா இருக்கு" என்றார்.

மாமா முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கி, தண்ணீர் கேன், பந்து, குடை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தார். பாதிச் சத்தங்களுக்கு மூலகாரணம் உருளுகிற ஜாக்கிதான் என்பார். பிறகு டீச்சரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று. திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, ஏறு. கொஞ்சம் முன்னாடி எடு, பிரேக் அடி. பின்னாடி எடு, பிரேக் அடி."

நான் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் டொக் என்றது. அவர் வெளியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை லிஃப்டில் தூக்கியதும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கு அடியில் நெம்புகம்பியைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினார். இரும்புக் கை ஆடியது. அந்தக் கையை வண்டியோடு பிணைக்கிற இடத்தில் தடித்த ரப்பர் ஒன்று இருக்கும், புஷ் என்பார்கள். அது கிழிந்து தொங்கியது. ரப்பர் போனதும் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான் விஷயம்.

புஷ்ஷை மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி லிஃப்டில் இருக்கும்போது சக்கரம் தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முழுக்க முடுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். அதனால் பாதி முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை மொத்தமும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் மீதியை முடுக்க வேண்டும். முடுக்கியதும் மாமா போல்ட்டின் தலையிலிருந்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனாவால் மஞ்சள் கோடு ஒன்று இழுப்பார். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆக, பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் ஒரு மறதிக்கு இடம் இருக்கிறது.

அன்றைக்கு வண்டியை இறக்குகிற நேரத்தில் அக்காவிடமிருந்து போன். சின்னதுக்கு உடம்பு கொதிக்கிறதாம். மாமா கையைத் துடைத்தபடியே ஓடினார். வண்டி வழக்கம்போல, சக்கரங்கள் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் மேடைக்குப் போனது. சாயங்காலம் டீச்சரிடம் சாவியைக் கொடுத்தது நான்தான்.

அலைன்மென்ட் பார்ப்பவருக்கு நூல் என்று பெயர். சக்கரம், தலை வகிடு, பேச்சு எல்லாம் அவருக்கு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். அவரும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு மின்விசிறி. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று ஒரு கோடையில் ஆரம்பித்த தகராறு. கோடை போய்விட்டது, தகராறு போகவில்லை. நடுவில் தூது போய் என் கால்தான் தேய்ந்தது.

மறுநாள் ஞாயிறு காலை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மாமா பால் பாட்டிலைச் சாய்த்ததும் பால் முழுக்கப் பிள்ளையின் நெஞ்சில் கொட்டியது. மூடியை அரைச்சுற்றுதான் திருகியிருக்கிறார். அக்கா துணியோடு ஓடி வந்தாள். மாமா நகரவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னவளே... நேத்து டீச்சர் வண்டியில போல்ட்ட முடுக்கினேனா?"

"முடுக்கியிருப்பீங்க மாமா."

"இறக்கினது ஞாபகம் இருக்கு. போன் வந்தது ஞாபகம் இருக்கு. கோடு போட்டது ஞாபகம் இல்ல."

அந்தப் போல்ட் கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மலைப்பாதை, வண்டிக்குள் பிள்ளைகள். டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நூலுக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனை அணைத்துவிடுவார், அதிலும் நூல் பிடித்த ஒழுங்கு.

"அவன் எதுக்கு என் போல்ட்டப் பாக்கப் போறான்" என்றார் மாமா.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். அந்த நிலையில் அவரை ஓட்டவிட எனக்குத் தைரியம் இல்லை. பின்னால் பைக்குள் ஸ்பேனர்கள் குலுங்கின. மாமா விடாமல் போனைக் காதில் வைத்திருந்தார். ஊரைத் தாண்டி, வெயில் ஏறி, மலையடிவாரம் கண்ணில் படுகிற நேரத்தில் டீச்சர் எடுத்தார்.

"சாரிங்க, போன் பையில இருந்துச்சு. பெட்ரோல் போட நிறுத்தியிருக்கேன். இதுக்கு மேல ஏத்தம்தான்."

"ஏறாதீங்க!" என்று மாமா கத்திய கத்தலில் நான் பிரேக் அடித்துவிட்டேன். பிறகு தணிந்த குரலில், "வண்டிய அப்படியே விட்டுட்டுப் பசங்கள இறக்கி வெச்சிருங்க டீச்சர், நாங்க வந்துட்டோம்" என்றார்.

பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் சிவப்புக் கார் நின்றது. பிள்ளைகள் நிழலில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். மாமா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். தரையில் மல்லாந்து காருக்கடியில் நகர்ந்தார். எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பேனர் போல்ட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. அவர் இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு ரொம்ப நேரம் கால்கள் அசையவே இல்லை.

"மாமா?"

"இறுக்கமா இருக்கு" என்றது குரல்.

அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சருக்குச் சிரிப்பு. "இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்கள மாதிரி ஆள் கிடைக்கிறது அபூர்வங்க" என்றார். மாமா எழுந்து தலையை ஆட்டினார். கார் மேலே ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் உயிரே இல்லை.

"என்ன மாமா, அதான் சரியா இருக்கே?"

"கோடு வெள்ளையா இருக்கு" என்றார்.

கடையில் வெள்ளைப் பேனா ஒருவரிடம்தான் இருக்கிறது. ஸ்டியரிங் கம்பிகளைச் சரிசெய்துவிட்டு நூல் வெள்ளைக் கோடுதான் போடுவார்.

திங்கட்கிழமை மாமா நேராக அலைன்மென்ட் மேடைக்குப் போய் நின்றார். கடையில் எல்லார் கையும் நின்றது. நூல் திரும்பிக்கூடப் பார்க்காமல் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் வண்டிய நீதான் முடுக்கினியா?"

"ஆமா."

"அது மட்டும்தானா?"

நூல் துடைத்த துணியைக் கீழே வைத்தார். "இல்ல. முன்னாடியும் சிலது. உன் பசங்க பொறந்ததுலேருந்து பாத்துட்டுத்தான் அனுப்புறேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நாமதான் பேசிக்கிறதில்லையே" என்றார் நூல்.

யாரோ சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சுண்டிப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாத மனிதர். அவர் விட்டுப்போன போல்ட்டுகளை இத்தனை மாதமாக வேறொரு கை சத்தமில்லாமல் முடுக்கியிருக்கிறது.

மாமா என் மேசைக்கு வந்தார். "இனிமே என் வேலைக்கு மஞ்சள் கோடு. அவன் பாத்ததுக்கு வெள்ளை. ரெண்டையும் உன் கண்ணால பாக்காம யாருக்கும் சாவி குடுக்காத. நான் சொன்னாலும் குடுக்காத."

அன்றைக்கு அவர் முடித்த முதல் வண்டி ஒரு வாடகைக் கார். மேடைக்கு அடியில் நான் டார்ச்சோடு நுழைந்தேன். வெள்ளைக் கோடு ஈரம் காயாமல் இருந்தது. மஞ்சள் இல்லை. மறுபக்கமும் பார்த்தேன். இல்லை. நூல் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமா, இதுல மஞ்சள் இல்லையே" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அவர் வந்து பார்த்தார். விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்த மஞ்சள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

"கோடு போட்டேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன்" என்றார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, "என்னால முடியல" என்றார்.

நூல் அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். மேடைக்குப் பின்னால், ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட் கிடந்தது. அதன் மேல் இருந்த டப்பாக்களைத் தள்ளிவிட்டு, "படு" என்றார். மாமா படுத்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நூல் மின்விசிறியைத் தூக்கி வந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலாளி வந்தார், பார்த்தார், அப்படியே தன் அறைக்குள் போய்விட்டார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ராத்திரியிலேருந்து ஒண்ணு மாடியில என்கூடப் படுக்கும். மாமாகிட்டக் கேக்காத. எது நல்லா கத்துதோ அதையே குடு."

மத்தியானம் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். "மேடம், லொடக்கு அண்ணன் இருக்காரா? பின்பக்கம் டங்கு டங்குனு ஒரே சத்தம்!" என்று மேசையை ஓங்கித் தட்டிக் காட்டினார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றேன். "அவர் தூங்குறாரு."