சத்தத்துக்குத் திரும்பாத பேத்தி

என் மகளுக்குத் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது ஒரு தை மாதத்தில். பிறந்த மூன்றாம் நாளே பிள்ளைக்கு மஞ்சள் ஏறிவிட்டது. கண்ணின் வெள்ளை, உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். கண்ணைத் துணியால் கட்டி, நீல வெளிச்சம் அடிக்கும் பெட்டிக்குள் நான்கு நாள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மஞ்சள் இறங்கியதும் கோவில்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் தடுப்பூசித் தேதிகளை மட்டும் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன். அதே சீட்டின் அடியில், ஒரு மாதம் கழித்துக் காதுப் பரிசோதனைக்குக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்ததை வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸில் பெரும்பகுதி கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை வழியாகச் சங்கரன்கோவில் போகும் தடத்திலேயே கழிந்தது. என் மகளும் மகனும் கைக்குழந்தையாக இருந்ததை நான் சரியாகப் பார்த்ததில்லை. நான் டூட்டிக்குக் கிளம்பும்போது உறங்குவார்கள், திரும்பும்போதும் உறங்குவார்கள். ஒரு பச்சைப் பிள்ளையை நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கிற யோகம் பேத்தி பிறந்த பிறகுதான் கிடைத்தது. அதோடு சேர்ந்து கவலையும் வந்தது. பிள்ளைக்கு விக்கல் நிற்கவில்லை என்று ஒரு தடவை டாக்டரிடம் ஓடினேன். பச்சையாகப் போகிறது என்று இன்னொரு தடவை. உச்சிக்குழி துடிக்கிறதே என்று கேட்கப் போனபோது டாக்டரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரு சிரிப்புதான் பதில்.

அதனால்தான், மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தபோது, கொஞ்ச நாள் அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

பிள்ளை நன்றாக உறங்குவாள். அடுப்படியில் குக்கர் கத்தும், தெருவில் தண்ணீர் லாரி ஆரனை அடித்துக்கொண்டே போகும், அசைய மாட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் எவ்வளவு சாதுவான பிள்ளை என்று புகழ்ந்தார்கள். என் மனைவிக்கு அதில் பெருமை. எனக்கு மட்டும் பஸ்ஸில் பார்த்த கைப்பிள்ளைகளின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எத்தனை அசந்து உறங்கினாலும், பக்கத்தில் நின்று விசில் கொடுத்தால் மடியில் கிடக்கும் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடும். தாய்மார்கள் என்னை முறைப்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் விசிலை விட்டுவிட்டு, கம்பியை இரண்டு தட்டுத் தட்டி டிரைவருக்குத் தெரிவிக்கிற பழக்கமே எனக்கு வந்துவிட்டிருந்தது. இவளுக்கு அந்தத் தூக்கிவாரிப் போடுதலே கிடையாது.

சித்திரையில் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுப் பேத்தியை மடியில் வைத்திருந்தேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் திடீரென்று வேட்டுப் போட்டார்கள். உட்கார்ந்திருந்த நான் துள்ளிவிட்டேன். படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பொத்தானைப் பிடித்திருந்த அந்த விரல் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கக்கூட இல்லை.

"உங்களுக்கு ஒரு கவலை தீர்ந்தா இன்னொண்ணு வேணும். பிள்ளை அமைதியா இருக்கு, அதையும் குறை சொல்லுதீங்க. மக காதுல விழுந்தா பாலு வத்திப் போவும். வாயை மூடிட்டுச் சும்மா இருங்க."

நானும் சும்மா இருந்தேன். மூன்று தடவை நான் பயந்தது பொய்யானது போல நான்காவது தடவையும் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனாலும் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பிள்ளையின் தலைமாட்டில் நின்று கையைத் தட்டுவேன். சில சமயம் திரும்புவாள். மனது லேசாகும். பிறகு யோசித்தால், என் நிழல் விழுந்ததால் திரும்பினாளோ, காற்றுப் பட்டதால் திரும்பினாளோ என்று மறுபடி ஆரம்பித்துவிடும். ஒரு மாதம் இப்படியே போனது.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம், மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், மகள் குளித்துக்கொண்டிருந்தாள். பீரோவில் கிடந்த பழைய விசிலை எடுத்தேன். பேத்தி பாயில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழாதபடி சுவர் ஓரமாகத் தள்ளி நின்று, முதலில் மெதுவாக ஊதினேன். பிறகு பஸ்ஸில் ஊதுவதுபோல ஊதினேன்.

ஈரத்தலையோடு மகள் ஓடி வந்தாள்.

"என்னப்பா செய்யுதீங்க? பிள்ளை பயந்து..."

அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளை பயப்படவில்லை. மின்விசிறியைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. மகள் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு நீர் பிள்ளையின் கன்னத்தில் விழுந்ததும், திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது.

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றாள் மகள்.

என்னால் முடியவில்லை. அவளே விசிலை என் கையிலிருந்து வாங்கிப் பிள்ளையின் பின்பக்கம் போய் ஊதினாள். திரும்பத் திரும்ப ஊதினாள். எதிர்வீட்டுக்காரர் அவர் வாசலில் இருந்து, "என்ன அண்ணாச்சி, மறுபடியும் டூட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மகள் அழவில்லை. பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தாள். பிறகு அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அத்தைக்கு இப்போது சொல்ல வேண்டாம், முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள்.

அவளுடைய அத்தை என்றால் என் சொந்த அக்கா. அக்கா மகனுக்குத்தான் மகளைக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வர இருபது நாள் ஆகும். அக்கா பசுவந்தனையில் காட்டையும் நாலு ஆட்டையும் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே செய்யும் பரிசோதனைக்குப் பிள்ளை நன்றாக உறங்க வேண்டும், அதனால் காலையில் இருந்து உறங்க விடாமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. பஸ் ஆட்டத்தில் பெரிய ஆட்களே தூங்கிச் சாமியாடுவார்கள். இவள் கண் சொருகும்போதெல்லாம் நான் உள்ளங்காலைச் சுரண்டினேன், ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டினேன், ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா, பச்சப்பிள்ளையை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறீர்கள் என்று என்னைத் திட்டினாள். நியாயம்தான். கயத்தாறு தாண்டியதும் பேத்தி அழ ஆரம்பித்தாள். அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். தன் அழுகை அவளுக்குக் கேட்குமா என்று அப்போதுதான் தோன்றியது.

அங்கே நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். பிள்ளை அடித்துப் போட்டது போல உறங்கியது. கம்ப்யூட்டரில் கோடுகள் ஓடின. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் பரிசோதனை செய்த பெண் இரண்டாவது காதுக்குப் போகும்போது எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இரண்டு காதும் கேட்கவில்லை. இப்போதைக்கு மெஷின் மாட்ட வேண்டும், ஒரு வயது தாண்டியதும் காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்யலாம், அரசுக் காப்பீட்டிலேயே முடியும், சீக்கிரம் வந்தது நல்லது என்றார். பிறகு, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார்.

"அத்தை மகன்" என்றாள் மகள். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதே அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள், சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குக் குறை வரலாம் என்று பாடத்தில் இருக்கிறதென்று. நம்ம குடும்பத்தில் யாருக்கு என்ன குறை இருக்கிறது என்று கேட்டு அந்தப் பேச்சை அன்றே முடித்தவன் நான். டாக்டரம்மா, மஞ்சள் அதிகம் ஏறியதுகூடக் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, யார் மேலும் பழி போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் மகள் கையிலிருந்த பிள்ளையைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு மகளே போனில் சொன்னாள். அவர், ஆபரேஷனில் பிள்ளைக்கு ரொம்ப வலிக்குமா என்று மட்டும் கேட்டாராம். அக்காவிடம் நானே நேரில் சொல்வதாகச் சொன்னேன்.

அது ஆனி மாதம். பசுவந்தனைக் காட்டில் காற்று ஆளைத் தள்ளியது. மழை இறங்க இன்னும் மாதங்கள் இருந்தன. கரிசல் வெடித்துக் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. அக்கா பிடுங்கிப் போட்ட பருத்திமார்க் குச்சிகளை விறகுக்காகக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்த முகத்தைப் பார்த்ததுமே கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், நான் பிடிவாதமாக முடித்து வைத்த கல்யாணம் அக்கா, நம்ம குடும்பத்தில் குறையே இல்லை என்று சொல்லி முடித்தேன், என்றேன்.

அக்கா கட்டின் மேல் உட்கார்ந்தாள். காற்றில் அவள் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நம்ம மாமனை மறந்துட்டியா தம்பி?" என்றாள்.

உண்மையிலேயே மறந்திருந்தேன். எங்கள் அம்மாவுடன் பிறந்த தம்பி ஒருவர். ஊமை மாமா என்போம். வாழ்நாள் முழுக்க ஆடு மேய்த்தார். கல்யாணம் கிடையாது. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் இறந்துபோனார். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் சின்ன மண்கட்டியை அவர் முன்னால் எறிவோம், அவர் திரும்பிப் பார்ப்பார். அது எங்களுக்கு விளையாட்டு.

"அவியளுக்குப் பேச்சு வராதுன்னுதான நெனச்சோம்," என்றாள் அக்கா. "காது கேக்கலைன்னு நம்ம வீட்டுல ஒருத்தருக்காவது தோணிச்சா? அவியளும் இதே மாதிரி பாயில கெடந்த பிள்ளைதான."

ஆனாலும் கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான்தானே அக்கா என்றேன்.

"நீ முடிச்சு வச்சேன்னு சொல்லாத. பொண்ணு கேட்டு உன் வாசலுக்கு வந்தது நானு. மாமன் தூக்கிச் சுமந்து வளத்த பிள்ளை நானு, எனக்கே நெனப்பு வரலை. அதை விடு. இப்பம் பிள்ளைக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லு."

நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். பருத்திமாரை அப்படியே போட்டுவிட்டு, ஆடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, என்னுடனே அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டிக்கு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மருமகளிடம் போனாள். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அது தன் முகத்தைப் பார்க்கும்படி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் என் மகள் அழுதாள். என் மனைவியும் அழுதாள். நான் சொன்னபோது வாயை மூடச் சொன்னதை நினைத்து அவள் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அவள் மேல் வருத்தம் இல்லை. நானும் அதையேதான் நம்ப ஆசைப்பட்டேன்.

மெஷின் மாட்டிய மாதங்கள் பெரும் பாடு. காதில் வைத்த நிமிஷமே பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள். அதில் இருக்கும் சின்ன பேட்டரியை முழுங்கிவிடுவாளோ என்று நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு வயதும் மூன்று மாதமும் ஆனபோது ஆபரேஷன் நடந்தது. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காயம் ஆறிய பிறகு, கருவியை முதல் தடவையாக இயக்கி வைக்கும் நாளில் எல்லோரும் போயிருந்தோம். அறைக்குள் தாயும் தகப்பனும் மட்டும்தான் இருக்கலாம் என்றார்கள். நானும் அக்காவும் என் மனைவியும் வெளியே பெஞ்சில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. வலிக்கிறதோ என்று நான் எழுந்துவிட்டேன். கதவைத் திறந்து மகள் வெளியே வந்தாள்.

"கேட்டுட்டுப்பா" என்றாள். "அவளுக்குக் கேட்டுட்டு. அதுக்குத்தான் அழுதா."

இப்போது பேத்திக்கு மூன்று வயது நடக்கிறது. காது கேட்டுவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். பயிற்சி கொடுக்கும் பெண், விழித்திருக்கும் நேரமெல்லாம் பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருங்கள் தாத்தா என்று சொல்லியிருக்கிறாள். நான் அதிகம் பேசிப் பழகாதவன். இப்போது அரிசி கழுவுவது, செருப்பு மாட்டுவது, மயில் மதிலில் ஏறுவது என எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழையில் கருவி நனையக்கூடாது, விழுந்து தலையில் அடிபடக்கூடாது, பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்துவிடக்கூடாது. கவலைகளுக்குக் குறைவில்லை. அக்கா தினமும் போன் செய்து இன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்பாள். பல நாள் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

போன வாரம் காலையில் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயை இறுக்கிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினேன். என் கையைத் தள்ளிவிட்டு, "வேண்டாம்" என்றாள். மழலை இல்லாமல், முழுசாக, கோபமாகச் சொன்னாள். அடுப்படியில் இருந்து மனைவியும் மகளும் எட்டிப் பார்த்தார்கள். நான் இன்னொரு துண்டை நீட்டினேன். மறுபடியும் "வேண்டாம்" என்றாள்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, பிள்ளை அப்போ எவ்வளவுதான் சாப்பிட்டாள் என்று கேட்டாள். அரை இட்லி என்றேன். ஏன் அவ்வளவு கொஞ்சம், வயிறு சரியில்லையோ என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன்.