கீழப்பொட்டல் கரகரப்ரியா

சீதாலக்ஷ்மி ஆலடிக்குளம் நாயனச் செட்டை முதன்முதலாகக் கேட்டது டெலிபோனில்.

திருநெல்வேலி எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து போவாள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள், ஏதோ ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் பம்பாயிலிருக்கும் தம்பிக்கு லைன் கேட்டார். லைன் கிடைத்ததும் குசலம் விசாரிக்கவில்லை. "ஏலே, கேக்கா? நம்ம கோயில் கொடைலே. இசக்கிமுத்து வாசிக்குதான். பேசாமக் கேளு" என்று ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தாளம். கம்பி வழியாக நசுங்கிப் போய்த்தான் வந்தது. ஆனாலும் அந்த நாயனம் கீழேயிருந்து ஒரு சுரத்தைத் தள்ளிக்கொண்டே மேலே ஏறி, உச்சியில் நிற்காமல் அங்கேயிருந்து இன்னொரு படி எடுத்து வைத்தபோது சீதாலக்ஷ்மி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பம்பாய்க்காரன் மறுமுனையில் விசில் அடித்தான். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அம்மாள் தோளைத் தட்டிய பிறகுதான் சுவிட்சைத் தள்ளினாள். தள்ளுவதற்கு முன்னால், விதியெல்லாம் மறந்து, "சார், வாசிக்கறவா எந்த ஊர்?" என்று கேட்டேவிட்டாள்.

"ஆலடிக்குளம் செட்டு, தாயி!" என்று பதில் வந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள். ஆண்டுதோறும் சபாவில் கச்சேரி கேட்பவள். ஆனால் கொடைக்குப் போனதில்லை. சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் ஊர் ஊராகக் கொடை நடக்கும், மேளம் விடிய விடிய முழங்கும் என்பதெல்லாம் தெரியும். அக்ரகாரத்து வீட்டிலிருந்து அங்கே போகிற வழக்கம் கிடையாது, அவ்வளவுதான். கணவர் லக்ஷ்மிநாராயணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாட்டு என்றால் அவருக்கு ஈஸிசேரும் தூக்கமும்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்தப் பெயர் அவள் காதில் விழவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பாசஞ்சரில், எதிர் பெஞ்சில் ஒருவர் மடியில் டேப் ரிக்கார்டரை வைத்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். ரயில் பேட்டை ஸ்டேஷனில் நின்று இரைச்சல் அடங்கியதும் அந்த நாயனம் தெளிவாகக் கேட்டது. கீழேயிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிற அதே மூச்சு.

"ஆலடிக்குளம் செட்டுதானே?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த உச்சியில இன்னும் ஒரு படி வைப்பாரே, அது!"

"யக்கா!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். ஒருத்தனுக்கும் புரியல!"

அவர் பெயர் ஜெபசீலன். பாளையங்கோட்டையில் டிரில் வாத்தியார். சேரன்மகாதேவியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். செவ்வாயும் வெள்ளியும் ஆலடிக்குளம் செட்டு எங்கே வாசிக்கிறதோ அங்கே லீவு போட்டாவது போய் நிற்பவர். நாயனக்காரர் இசக்கிமுத்து ஒரே ராகத்தை இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வாசிக்கவே மாட்டார் என்பதால், ஒவ்வொரு கொடையையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. கேசட்டுகள் பை நிறைய இருந்தன. எதன் மேலும் ஊர் பேரோ தேதியோ கிடையாது. எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது என்பார்.

அன்றிலிருந்து சீதாலக்ஷ்மிக்குப் புது வாழ்க்கை தொடங்கியது என்றே சொல்ல வேண்டும். காலையில் ஒரு கேசட்டைத் திருப்பிக் கொடுப்பாள், சாயங்காலம் இன்னொன்றை வாங்குவாள். சமையல் ஒரு பக்கம், கேசட்டு ஒரு பக்கம். லக்ஷ்மிநாராயணன், "ஏண்டி, நேத்து வாசிச்சதையேதானே இன்னிக்கும் வாசிக்கறான்?" என்று கேட்டால், "நேத்து வாசிச்சது தோடி, அதுவும் வேற ஊர்!" என்று கரண்டியோடு வந்து நிற்பாள்.

ஜெபசீலனுக்கு ஒரு போட்டியாளர் உண்டு. மேலப்பாளையத்தில் மைக் செட் கடை வைத்திருந்த முகம்மது இப்ராஹிம். கொடைகளுக்கு மைக் செட் கட்டுபவர் அவர்தான் என்பதால், மைக்கிலிருந்து நேரே ஒயரை இழுத்துப் பதிவு செய்வார். இரைச்சல் இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். "வாத்தியார் கேசட்டுல நாயனத்தைவிடச் சுண்டல்காரன் சத்தம்தான் அதிகம் வே" என்பார். "பாய் கேசட்டுல உசுரு இல்லையே, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்பார் ஜெபசீலன். இருவரும் சீதாலக்ஷ்மியிடம் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டு, எது உசத்தி என்று சொல்லும்படி உயிரை எடுப்பார்கள். எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் கரகரக்கிற லைனில் குரல் பிரித்துப் பழகிய காது அவளுக்கு. யார் பக்கமும் சாயாமல் சொல்லுவாள் என்று இருவருக்கும் நம்பிக்கை.

பெரிய சண்டை வந்தது தொண்ணூற்று நாலு ஆடி மாதம் முடிந்து. அந்த மாதம் ஆலடிக்குளம் செட்டு இரண்டு ஊர்களில் கரகரப்ரியா வாசித்திருந்தது. முதலில் மேலக்குளம் கொடை. அடுத்த வாரம் கீழப்பொட்டல் கொடை. இரண்டும் மத்தியான வேளை, இரண்டிலும் சாரல், இரண்டிலும் பாதியில் கரண்டு போனது. ஜெபசீலன் இரண்டுக்கும் போயிருந்தார். இப்ராஹிம் கீழப்பொட்டலுக்கு மட்டும் மைக் கட்டினார்.

"கீழப்பொட்டல்தான்க்கா!" என்று இப்ராஹிம் எக்ஸ்சேஞ்சுக்கே போன் போட்டுச் சொன்னார். "ஆரம்பத்துல எடுத்தான் பாருங்க, பைய, பூவைத் தொடுத மாதிரி. நாளைக்கே கேசட்டு வருது."

"மேலக்குளம்தான்க்கா!" என்று ஜெபசீலன் ரயிலில் அடித்துச் சொன்னார். "என் கேசட்டைக் கேட்டுட்டுப் பேசுங்க. கீழப்பொட்டல் இதுக்கு உறை போடக் காணாது. நாயனத்தையே மாத்திட்டான், சுருதி ஏத்தி வாசிக்குதான். என்ன வேகம்!"

சீதாலக்ஷ்மி இரண்டையும் கேட்டாள். இப்ராஹிமின் கேசட்டு அழகாகத் தொடங்கி, சூடு பிடிக்கிற நேரத்தில் டப்பென்று நின்றது. கரண்டு போய், ஜெனரேட்டரும் மழையில் மக்கர் செய்துவிட்டதாம். ஜெபசீலனின் கேசட்டு நடுவில் தொடங்கி, காட்டு வெள்ளமாக ஓடி, கச்சேரியை முடிக்கிற மகுடம் வரை போனது. சுருதி நிஜமாகவே உயரம்தான். இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்றைக் கேட்கும்போது மற்றது வேண்டியிருந்தது.

"மூணு பேரும் ஒரே இடத்துல உக்காந்து கேட்டுடலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெபசீலன் வெள்ளைச் சட்டையோடு மேலப்பாளையம் வந்து சேர்ந்தார். சீதாலக்ஷ்மி லக்ஷ்மிநாராயணனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கடைக்குள் ஆம்ப்ளிபயர்களுக்கும் கூம்புக் குழாய்களுக்கும் நடுவே நாலு ஸ்டூல். இப்ராஹிமின் மனைவி ஜுபைதா பீவி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, "இன்னைக்காவது இந்தச் சண்டையைத் தீர்த்துட்டுப் போங்க, இவரு தூக்கத்துலயும் கரகரப்ரியாங்காரு" என்று சொல்லிப் போனாள்.

முதலில் இப்ராஹிமின் கேசட்டு ஓடியது. முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கோயில் வெடி கேட்டது. டொம், டொம். மூன்றாவது வெடி மழையில் நமுத்துப்போய் 'புஸ்' என்றது. உடனே தவில்காரர் குற்றாலலிங்கம் கையால் அதையே வாசித்தார். இரண்டு அடி கணீரென்று, மூன்றாவதை விரலால் ஒரு தேய்ப்பு. கூட்டம் சிரித்தது. நாயனமும் சிரிப்பதுபோல் ஒரு சுழி சுழித்தது.

"எப்படி! எப்படி!" என்று இப்ராஹிம் தொடையில் தட்டினார்.

அடுத்து ஜெபசீலனின் கேசட்டு. ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். பக்கத்தில் யாரோ தகரத்தை உதைத்தது போல இரண்டு சத்தம். அப்புறம் ஒரு இடைவெளி. தவிலில் இரண்டு அடி, ஒரு தேய்ப்பு. கூட்டத்தில் சிரிப்பு.

சீதாலக்ஷ்மி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ! பின்னாடி ஓட்டுங்கோ!"

மறுபடி ஓட்டினார்கள். இரண்டு அடி, ஒரு தேய்ப்பு, சிரிப்பு, சுழி.

"ஒரே வெடி" என்றாள் அவள். "ரெண்டும் ஒரே கச்சேரி."

"அது எப்படிக்கா?" ஜெபசீலன் எழுந்தார். "சுருதி வேறயா இருக்கே! இது மேலக்குளம்!"

"மேலக்குளத்துலயும் மூணாவது வெடி நமுத்துப் போச்சா வே?" என்றார் இப்ராஹிம்.

சீதாலக்ஷ்மி ஜெபசீலனின் கேசட்டை முடிவுக்கு ஓட்டச் சொன்னாள். ஒரே சுரத்தைப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்குழல் மெல்ல மெல்ல இன்னும் உயரத்துக்குப் போயிருந்தது. "நாயனத்தை மாத்தலாம். ஒத்தும் சேர்ந்து தானா ஏறுமா?"

ஜெபசீலன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பேட்டரிக் கட்டை! கீழப்பொட்டலுக்குப் பழைய கட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். முடியும்போது செத்தே போச்சு!"

"அப்ப டேப்பு மெதுவாச் சுத்திப் பதிஞ்சிருக்கு" என்று இப்ராஹிம் துள்ளினார். "சரியான வேகத்துல போட்டா, எல்லாம் ஏறித்தான் கேக்கும்! வாத்தியாரே, இத்தனை நாளா கீழப்பொட்டலை வச்சுக் கீழப்பொட்டலையே அடிச்சிருக்கீரு வே!"

லக்ஷ்மிநாராயணன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெபசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்ப மேலக்குளம் எங்க போச்சு?" என்றார். அது பின்னால்தான் தெரிந்தது. அதன் மேல் அவரே சர்ச் பாடகர்களின் ஒத்திகையைப் பதிந்திருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் உறைத்தது. ஒருவரிடம் தலை இருக்கிறது, ஒருவரிடம் உடம்பு இருக்கிறது. முழுக் கீழப்பொட்டலும் இந்தக் கடைக்குள்தான் இருக்கிறது!

இப்ராஹிம் டெக்கைக் கழற்றி, மோட்டாருக்குள் இருக்கிற சின்னத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். ஜெபசீலன் ஒரு பழைய ஆர்மோனியத்தில் இப்ராஹிம் கேசட்டின் சுருதியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சீதாலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ... ஐயோ, ரொம்பப் போயிடுத்து... கொஞ்சம் மேலே... அவ்வளவுதான், கையை எடுங்கோ!" என்றாள். கட்டை சாகச் சாகச் சுருதி ஏறுகிறது அல்லவா, அதனால் ஓடும்போதே திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலமுறை கெட்டது. ஒரு முறை ஜுபைதா பீவி சாப்பிடக் கூப்பிட்ட குரலும் சேர்ந்து பதிந்துவிட்டது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் புதுக் கேசட்டு உருப்படியாக வந்தது.

கேட்டார்கள். பூவைத் தொடுகிற அந்த ஆரம்பம். மெல்ல ஏற்றம். வெடி, தவிலின் கேலி, சிரிப்பு. கரண்டு போகிற இடத்தில் ஓசையின் நிறம் மாறியது. கண்ணாடி போய் ஈரமும் கூட்டமும் மண்ணும் வந்தன. ஆனால் நாயனம் நிற்கவே இல்லை. மைக் செத்தது தெரிந்து இன்னும் வலுவாக ஊதினார் இசக்கிமுத்து. சீதாலக்ஷ்மி இப்ராஹிமின் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகுடம் முடிந்ததும் ஜெபசீலன், "மறுபடி போடும் வே" என்றார்.

அடுத்த பங்குனியில் கீழப்பொட்டலுக்குப் பக்கத்து ஊரில் கொடை. "நான் போறேன்" என்றாள் சீதாலக்ஷ்மி. லக்ஷ்மிநாராயணன், "வெயில் ஜாஸ்தியா இருக்கும், குடை எடுத்துக்கோ. நானும் வரேன்" என்றார்.

வாசிப்புக்கு முன்னால், பந்தல் ஓரத்தில் இலை போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்த இசக்கிமுத்துவுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினார்கள். அவர் வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டார். குற்றாலலிங்கம் வெடியின் இடம் வந்ததும் குழந்தை மாதிரி கைகொட்டினார்.

"இன்னைக்கும் கரகரப்ரியா வாசிக்கணும் அண்ணாச்சி" என்று ஜெபசீலன் கெஞ்சினார்.

"அதான் வாசிச்சு வச்சிருக்கேனே. நல்லாவும் இருக்கு" என்றார் இசக்கிமுத்து. "இன்னைக்கு அதை எதுக்குத் தொடணும்? வேற பாப்போம்."

மூவருக்கும் முகம் வாடிப்போயிற்று. அது நாயனத்தை அவர் உதட்டில் வைக்கும் வரைதான். சாருகேசி. முதல் மூச்சிலேயே பந்தலுக்குள் பேச்சு நின்றது. இத்தனை வருஷமும் கம்பியிலும் நாடாவிலும் கேட்ட ஒலி இப்போது நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. தவில் அடித்தால் காலடி மண் அதிர்ந்தது. உச்சிக்குப் போய், அங்கேயிருந்து அந்த இன்னொரு படியை அவர் வைத்தபோது சீதாலக்ஷ்மி குடையைக் கீழே போட்டுவிட்டு, "அப்படிப் போடுங்கோ!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். அவளும் போட்டாள். அவளுக்குக் குலவை போட வராது. என்னவோ ஒரு சத்தம் வந்தது.

குற்றாலலிங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். லக்ஷ்மிநாராயணன் தூங்கவில்லை. கட்டைவிரலால் விரல் கணுக்களை வேகவேகமாகத் தொட்டு எண்ணிக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றார்.

இப்ராஹிமின் மைக் செட் வேனில் திரும்பும்போது சாருகேசியா கரகரப்ரியாவா என்று ஜெபசீலனும் இப்ராஹிமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்கோ" என்று நடுவில் புகுந்தார் லக்ஷ்மிநாராயணன். "அந்தத் தவில்காரன் ஏழு ஏழா அடிச்சுண்டு போனான். கணக்குப்படி அவன் தப்பான இடத்துல வந்து விழணும். சரியா வந்து நின்னான். எங்கேயோ ஒரு அஞ்சை நுழைச்சிருக்கான். பாய், இன்னிக்குப் பதிஞ்ச கேசட்டை எடுங்கோ. மறுபடி கேட்டாகணும்."

இப்ராஹிம் சிரித்துக்கொண்டே கேசட்டைத் திருப்பிப் போட்டார். வேன் வீரவநல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. சீதாலக்ஷ்மி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "சத்தமா வையுங்கோ!" என்றாள்.