கிராங்கில் வெட்டிய இரும்பு

எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிற மனுஷனிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வர வேண்டும். அந்த மூன்று வாரமும் எனக்கு யோசனை சொல்லாத ஆள் பலாங்கொடையில் இல்லை.

என்னுடையது அறுபது வருஷத்துக் கார். தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் ஆபிசராக இருக்கும் எனக்கு அதுதான் சொத்து, அதுதான் தலைவலி. ஒயில் குடித்துப் புகை கக்க ஆரம்பித்ததும் எஞ்சினை இறக்கி, கிராங்க் ஷாஃப்டைத் தேய்ப்பதற்கு டவுனில் ஒரு லேத் கடையில் கொடுத்தேன். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுவதைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிற கனத்த இரும்புத் தண்டு அது. தேய்த்து வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

மாவனல்லையில் பழைய கார் வாங்கி விற்கிற நண்பர் ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "மச்சான், தேய்க்கிற கையோட அதுல இருக்கிற கனத்தையும் செதுக்கிக் குறைச்சிருங்க. எஞ்சின் சட்டுனு ஏறும். கார் பறக்கும்" என்றார்.

பறக்கும் என்ற அந்த ஒரு சொல் என் புத்தியைக் கெடுத்துவிட்டது. டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் பத்து வருஷமாக எல்லா த்ரீவீலும் என்னை முந்திக்கொண்டுதான் போகின்றன. ஒருவன் முந்தும்போது கையை ஆட்டிச் சிரிப்பான். அவன் முகம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

லேத் கடை பாஸுக்கு இந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை. சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அந்தக் கனம் இருப்பதால்தான் மெதுவாகப் போகும்போது எஞ்சின் விடாமல் சுற்றுகிறதாம். குறைத்தால் வேகமாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றச் சொன்னால் நின்றுவிடும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதிலிருந்து தினமும் காலையில் போன் வரும். "கபனவத, நெத்த மாத்தயா?" வெட்டுவதா, இல்லையா? அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். நாளைக்கு என்பேன். வீடியோக்களைப் பார்த்தால் ஒருவன் வெட்டு என்கிறான், அடுத்தவன் வெட்டுவது பாவம் என்கிறான். மண்டை காய்ந்துபோனது.

இதற்கு நடுவில் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் பொண்ணை லயத்து வரிசை வீட்டிலிருந்து மேட்டுச் சர்ச்சுக்குக் காரில் ஏற்றிப் போவது தாய்மாமன் பொறுப்பு. முன்னால் தப்பு மேளம் அடித்துக்கொண்டு போவார்கள். வேதக்காரர் கல்யாணமா சைவக் கல்யாணமா என்று தப்புக்குப் பேதம் கிடையாது. கார் தப்பை முந்தக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. மேடு முழுக்க நடை வேகத்தில் ஊர்ந்து ஏற வேண்டும்.

தங்கச்சி ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்து, எஞ்சின் இல்லாத காரைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு இது வந்துருமா?"

"வரும். முன்னையவிட வேகமா வரும்."

"வேகமெல்லாம் வேணாண்ணே. தப்புக்குப் பின்னால நிதானமா வந்தாப் போதும். அவ சின்னப் புள்ளையில இருந்து இந்தக் கார்லதான் சர்ச்சுக்குப் போவேன்னு சொல்லிக்கிட்டிருக்கா."

எனக்கு எரிச்சலாக வந்தது. எஞ்சினைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். லேத் பாஸ் சொன்ன அதே விஷயத்தைத்தான் அவளும் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் போன் வந்தது. அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. வெட்டுங்கள் என்று கத்திவிட்டேன். மூன்று வாரம் யோசித்ததற்கு அதுதான் லட்சணம்.

வெட்டிய தண்டைக் கொழும்புக்கு அனுப்பி பேலன்ஸ் பார்த்து, எஞ்சினைப் பூட்டி, கஹவத்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே பறந்தது. இரண்டு த்ரீவீலை முந்தினேன். சின்னப் பையன் மாதிரி ஹார்ன் அடித்தேன். வந்த வழியிலேயே திரும்பி வந்து, கழுவி, ரிப்பன் வாங்கி வைத்தேன். ஒரு தரமாவது நடை வேகத்தில் மேட்டில் ஏற்றிப் பார்த்தேனா? இல்லை. இத்தனைக்கும் இதே காரில் இதே மேட்டில் மூன்று கல்யாணத்துக்குப் பொண்ணு ஏற்றியவன் நான்.

கல்யாணத்தன்று முதல் வளைவிலேயே எஞ்சின் நின்றது. ஸ்டார்ட் செய்து கொஞ்சம் அழுத்தினால் கார் தப்புக்காரர் முதுகில் பாயப் பார்த்தது. காலை எடுத்தால் உதறிவிட்டு நின்றது. கிளட்சை அரைகுறையாக மிதித்து ஓட்டியதில் தீய்ந்த நாற்றம் காருக்குள் ஏறியது. மூன்றாம் தரம் நின்றபோது தப்புச் சத்தமும் நின்றது. லயமே திரும்பி என்னைப் பார்த்தது. நான்காம் தரம் எஞ்சின் நின்றபோது பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"மாமா, நீங்க பொறவு வாங்க. நான் நடந்துர்றேன்."

முதல் நாள் மழை பெய்து ரோடெல்லாம் செம்மண் சேறு. வெள்ளைச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தப்புக்குப் பின்னால் நடந்தாள். தங்கச்சி குடையோடு பின்னால் ஓடினாள். எல்லோரும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மெதுவாகப் பின்னால் போகவும் இந்தக் காருக்கு வக்கில்லையே.

பிறகு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்து, காலி காராக ஒரே மூச்சில் மேடேறியது.

சர்ச் வாசலில் தங்கச்சி குனிந்து மகளுடைய சேலைக் கரையில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கார்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"நல்லா வேகமா வருதுண்ணே" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. நான் மனசு ஒடிந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னாள். அந்தச் சேலைக் கரை அதற்குப் பிறகும் சரியாக வெளுக்கவில்லை.