ஒரே கொல்லையில் இரண்டு சிம்

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும் என்பாள் அம்மா. அந்த ஆடி மாதம் முழுக்க என் காது சிவந்தேதான் கிடந்தது.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். சாயங்காலமானால் துபாயில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அதுதான் என் வேலை, அதில்தான் வீடு ஓடியது. வேலை கொடுத்தவர்களின் சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு மாதத்தில் மூன்று வகுப்பு தவறினால் நீ வேண்டாம். மழை, காற்று, மின்தடை என்று எந்தக் காரணமும் அவர்கள் காதில் ஏறாது.

இங்கோ காற்றடித்தால் தென்னை மட்டை கம்பியில் விழும். கரண்ட் போகும். கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மட்டை எந்த மூலைக்கு? அப்படித்தான் முதல் வகுப்பு போனது. சிக்னல் வந்ததும் சிம் கம்பெனிக்குப் போன் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது. சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் நான் முக்கியம் என்றது. அந்த வாயில் மிளகாய்த்தூளைக் கொட்ட வேண்டும் போலிருந்தது.

ஒரு சிம்மை நம்பினால் பிழைப்பு நாறிவிடும், மாற்றுக்கு இன்னொன்று வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் சிம் வாங்குவதும் மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்று. தனக்கு வாய்த்ததை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பால்காரர் ஒன்றைச் சொன்னார், ரேஷன் கடையில் வேறொன்றைச் சொன்னார்கள். கடைசியில் சித்தப்பா வந்து தீர்ப்புச் சொன்னார். அப்பா போனபிறகு எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அவர்தான் பெரிய மனிதர். டவர் நிற்பதும் அவர் கொல்லையில்தான். கரண்ட் போனால் டவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஓட்டுவது அவர் பொறுப்பு. அதற்குச் சம்பளமும் உண்டு. ஆனால் அவர் ஆடி அசைந்து போய் ஓட்டுவதற்குள் என் வகுப்பு போய்விடும்.

"கண்டதையும் வாங்காத தாயி. நான் சொல்ற சிம்ம வாங்கு. நம்ம வகையறா பூரா அதத்தான் வச்சிருக்கு" என்றார்.

டவரோடு குடியிருப்பவர் சொல்கிறாரே என்று வாங்கிவிட்டேன். கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கட்டைவிரலை வைத்து வைத்து எடுத்தேன். பகலெல்லாம் அம்மாவோடு பூத்தொடுத்து ரேகை தேய்ந்த விரலை அந்த மிஷினுக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் ஆள்காட்டி விரலுக்குத்தான் மனமிறங்கியது. சும்மா வைத்திருக்கும் சிம்முக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் போட வேண்டுமாம். அவர்கள் கணக்கில் மாதத்துக்கு இருபத்தெட்டே நாளாம். நான் பிள்ளைகளுக்கு இப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் செருப்பால் அடிப்பார்கள்.

அடுத்த வாரம் அம்மன் கோவிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. என் வகுப்பு முடிவதற்குள் டவுனிலிருந்து கடைசி பஸ் கிளம்பிவிடும். ஆக, டவுனில் தோழி வீட்டில் உட்கார்ந்து பாடம் எடுக்கும் வழியும் அடைபட்டது. போகட்டும், கையில்தான் இரண்டு சிம் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன்.

அன்று சாயங்காலமே கரண்ட் போனது. முதல் சிம் செத்தது. இரண்டாவதைத் தட்டினேன், அதுவும் செத்துக் கிடந்தது. அந்த மாதக் கணக்கில் இரண்டாவது வகுப்பும் போயிற்று. கோவில் பக்கம் மட்டும் சீரியல் லைட் ஜெகஜோதியாக எரிந்தது, மைக்செட் அலறியது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் சித்தப்பாவின் கொல்லைக்கு ஓடினேன். அவர் டவர் வேலி ஓரம் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ரெண்டு சிம்மும் எப்புடி ஒண்ணாப் போகும்?"

"ரெண்டும் நம்ம டவர்லதான தாயி தொங்குது. அதான் ஒன்னய வாங்கச் சொன்னேன்." டவரின் உச்சியைக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஒரு கிணறு வற்றினால் இன்னொரு கிணறு வேண்டும் என்று போனவளுக்கு, அதே கிணற்றில் இரண்டாவது வாளியை இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

"டீசல் ஊத்தி ஓட்ட வேண்டியதுதானே?"

"டீசல கோயில் ஜெனரேட்டருக்குக் குடுத்தாச்சு. ஆத்தாள இருட்டுல நிறுத்தச் சொல்றியா? வருசா வருசம் நடக்குறதுதான. ஊருக்கே தெரியும்."

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது; இந்த வேலைக்கு வந்தபின் எனக்கு இதுதான் முதல் திருவிழா. திருவிழாவில் டவர் படுப்பது அவர்களுக்கு மாவிளக்குப் போடுவதுபோல ஒரு வழக்கம். எவரும் அதைக் குறை என்றே நினைக்கவில்லை. "என் பொழப்பு இருட்டுல நின்னா பரவாயில்லையா?" என்று கத்தினேன். அவர் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

அப்போதுதான் வரப்புக்கு அங்கிட்டுச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா தன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று மலேசியாவில் இருக்கும் மகனிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனில் சிக்னல் இருந்தது! அந்தக் குடும்பம் எங்கள் பங்காளிதான். ஆனால் கோவிலில் முதல் மரியாதை யாருக்கு என்று மூண்ட சண்டையில், நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. சித்தப்பாவும் அந்தச் சிரிப்பைக் கேட்டார். கேட்காததுபோல மாட்டை இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் குடைக்கார அக்காவிடமே போனேன். இந்தமுறை எது நன்றாக எடுக்கும் என்று கேட்கவில்லை. "எங்க ஊர் டவர் செத்தாலும் சாகாத சிம் எது?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கண்மாய்க்கு அந்தப் பக்கத்து டவரில் ஓடும் மூன்றாவது கம்பெனி சிம்மை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் அது ஒரு கோடுகூடக் காட்டவில்லை. வாசல், மாடி, மாட்டுக்கொட்டகை எங்கும் இல்லை. மேட்டில் இருந்த பெரியம்மாவின் மோட்டார் கொட்டகைக்கு நேரே போனால்தான் வந்தது.

அம்மா வேண்டாம் என்றாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் முகத்தில் முழிக்க முடியாதாம். முகத்தில் முழித்தால் சோறு வருமா என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"நாற்காலி உள்ள கெடக்கு, எடுத்துப் போட்டுக்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றும் கரண்ட் போனது. ஆனால் அன்றைய இரண்டு வகுப்பில் முதலாவது ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தோம். அடுத்த வகுப்புக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வரப்பில் சித்தப்பா நின்றார். வந்த வேகத்தில் துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"எந்திரிச்சு வா. மானம் போகுது."

"வேலை போகுது சித்தப்பா. நேத்து நீங்க குடுத்துட்டு வந்த டீசல்ல போச்சு ஒரு வகுப்பு. இன்னைக்கும் போச்சுன்னா நீங்களா சோறு போடுவீங்க?" வாழ்நாளில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகள். நிறைமாதம் அவளுக்கு. சாயங்காலத்திலிருந்து அப்பாவுக்குப் போட்டுப் பார்த்துக் கிடைக்காமல், நான் மதியம் அனுப்பியிருந்த என் புது நம்பருக்குப் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாளாம், உள்ளே போகுமுன் அப்பா குரலைக் கேட்க வேண்டுமாம்.

விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா வரப்பில் நின்றபடியே கையை நீட்டினார்.

"அங்கிட்டு சிக்னல் எடுக்காது. பேசணும்னா இங்கிட்டு வாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்வதில் எனக்கு ஒரு குரூரமான திருப்தி இருந்தது.

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மாட்டுக்குப் புல் உதறுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் மகள், "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சித்தப்பா வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து வரப்பைத் தாண்டி, கொட்டகை வாசலுக்கு வந்து போனை வாங்கினார்.

"தைரியமாப் போ தாயி. நல்லாக் கேக்குது, நல்லாக் கேக்குது" என்றார். எங்கே இருக்கிறீர்கள், இப்போது மட்டும் எப்படிச் சிக்னல் வந்தது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். சித்தப்பா ஒருமுறை எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நம்ம கொல்லையிலதான் நிக்கிறேன்" என்றார்.

பெரியம்மா மறுக்கவில்லை. நானும் திருத்தவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது, லேப்டாப்புக்கு நெட் அந்தப் போனிலிருந்துதான் வர வேண்டும். அவர் பேசி முடிக்கட்டும் என்று, கோபம் தீராமலே கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.