வேண்டாம் என்ற விரல்

கொதிக்கிற பருப்பு என் மகளின் காலில் கொட்டியபோது, செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் செய்தேன். குழாயடியில் காலை நீட்டச் சொல்லி நிறையத் தண்ணீர் விட்டேன். களிம்பு தடவினேன். தரையைத் துடைத்தேன். பிறகு போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். அலறிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண்.

"ம்மா, நான் செத்தாலும் நீ இப்படித்தான் துணி மடிப்பியா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. "லூசு மாதிரி பேசாத" என்று மட்டும் சொன்னேன்.

அவளுடைய அப்பா போன வருடம் இறந்தார். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் இரண்டு பேருக்கும் வேலை, வேறு வேறு பிரிவில். வேலை நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். சூப்பர்வைசர் என் மெஷின் அருகில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னபோது, கையில் இருந்த காலரை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. நாங்கள் குடியிருக்கும் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் "என்னா தைரியம் பாரு" என்று மெச்சினார்கள். தைரியமாம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. துக்கம் மட்டும் வராமல் இருந்திருந்தால் பரவாயில்லை. சிரிப்பு, பசி, பயம் எல்லாம் சேர்ந்தே கிளம்பிப் போய்விட்டன. எரிச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். தூக்கம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவர்தான் அம்பத்தூரில் ஹிப்னோதெரபி செய்கிற மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகச் சொன்னார். இது என் நாத்தனார் காதுக்குப் போனதும் போன் வந்துவிட்டது.

"அண்ணி, அது சாத்தானுக்குக் கதவைத் திறந்து விடுற வேலை. ஜெபக்கூட்டத்துக்கு வாங்க, தலையில கை வெச்சு ஜெபிப்பாங்க."

கை வைத்தெல்லாம் ஜெபித்தாயிற்று. சாத்தான் வந்தாலாவது உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று ஆறுதலாக இருக்கும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பருப்பு கொட்டிய அந்த வாரமே, சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, குந்திகினே கீற? ஊடு போவ மனசில்லியா?" வீட்டுக்குப் போகவில்லை, வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கிக்கொண்டேன்.

பேக்கரிக்கு மேலே மாடியில் அந்த அறை. சங்கிலியில் தொங்கும் கடிகாரத்தை ஆட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, பின்னால் சாய்கிற நாற்காலி, ஏ.சி. ஆலோசகர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பாதி நேரம் வெறும் பேச்சிலேயே போனது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், வலிப்பு வந்ததுண்டா, எப்போதிருந்து இப்படி இருக்கிறது, இங்கிருந்து என்ன எதிர்பார்க்கிறேன் என்று கேட்டாள். என் மகள் கேட்டதைச் சொன்னேன். அதற்குப் பதில் வேண்டும் என்றேன்.

"மேடம், நீங்க தூங்கிட மாட்டீங்க. நான் பேசுறது, வெளிய வண்டி சத்தம் எல்லாமே கேக்கும். பிடிக்கலைன்னா கண்ணைத் திறந்து எழுந்து போயிடலாம். நீங்க சொல்ல விரும்பாததை என்னால வாங்க முடியாது."

"அப்போ இதுல ஹிப்னாடிசம் எங்க இருக்கு?"

சிரித்தாள். பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, சாய்த்து உட்காரவைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள்.

மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். பிறகு படிக்கட்டில் மெதுவாக இறங்கச் சொன்னாள், மனசுக்குள்தான். பிறந்ததிலிருந்து தரைத்தளத்தில் குடியிருக்கிறவள் எந்தப் படியில் இறங்குவேன்? எனக்குத் தெரிந்தது ஆவடி ஸ்டேஷன் மேம்பாலப் படிதான். வெற்றிலைக் கறையும் கூட்டமுமாக அதில் இறங்கினேன். அவள் குரல் கூடவே வந்தது. கீழே கண்டக்டரின் விசில் கேட்டது, பேக்கரியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். எல்லாம் கேட்டது, ஆனால் எதுவும் என்னை எழுப்பவில்லை. கை கால்கள் கனத்து, என்னுடையவை இல்லாததுபோல் கிடந்தன. எனக்கு அது புதிதும் இல்லை.

"இனி நீங்க யோசிச்சுப் பதில் சொல்ல வேணாம். உங்க விரல் சொல்லட்டும். ஆமான்னா இடது ஆள்காட்டி விரல் எழும்பட்டும், இல்ல, வேணாம்னா வலது."

இத்தனை வருடம் தைக்கிறேன். என் விரல்கள் சொன்னதைச் செய்யும், தானாகப் பேசாது என்று நினைத்துக்கொண்டேன்.

"இங்க பாதுகாப்பா உணர்றீங்களா?"

இடது விரல் லேசாக அசைந்தது. நான்தான் அசைத்தேன் என்றும் சொல்லலாம்.

"இப்படி மரத்துப் போயிருக்கிறது உங்களுக்கு ஏதாவது உதவி செய்யுதா?"

இதற்கும் இடது. நான் யோசித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டது.

"அது இப்போ கொஞ்சம் விலகிக்கலாமா?"

இதற்காகத்தானே வந்தேன். என் பெண்ணுக்காக வந்தேன். இடது விரலைத் தூக்க உள்ளுக்குள் முட்டி மோதினேன். அது அப்படியே கிடந்தது. வலது விரல் வெடுக்கென்று எழுந்து நின்றது.

அவள் வற்புறுத்தவில்லை. "சரி, இருக்கணும்னா இருக்கட்டும், அவசரமில்ல" என்றாள். மெதுவாக எண்ணிக்கொண்டே என்னைக் கண் திறக்க வைத்தாள். எனக்குக் கோபம்.

"அவ்வளவுதானா?"

"இன்னிக்கு அவ்வளவுதான் மேடம். அது உங்களை எதுலேர்ந்தோ காப்பாத்திக்கிட்டிருக்கு. எதுன்னு தெரியாம பிடுங்கிப் போடக்கூடாது. இன்னும் சில தடவை வரவேண்டியிருக்கும். சரியாயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இந்தப் படியை இன்னொரு தடவை ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கினேன்.

வீட்டில் மகள் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அழுதியா?" என்றாள். இல்லை என்றேன். விரல் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் விரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னைக் கேளு."

"நான் என்ன டாக்டரா?"

"கேளும்மா."

"கால் வலிக்குதா?"

இடது விரல்.

"அம்மா மேல கோவமா?"

கேட்டு முடிப்பதற்குள் இடது விரல். போதும் என்று எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

"அம்மா இப்படியே இருந்துட்டா, நீ சமாளிச்சுப்பியா?"

வலது விரலைத் தூக்கினாள். இதில் மயக்கமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவளேதான் தூக்கினாள். தூக்கியதை இறக்கவும் இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகவாயில் நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் விலாவுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. வாயு என்று முதலில் நினைத்தேன். வாயு இல்லை. அந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுடி" என்றேன்.

கண்ணைத் திறந்து, "நிஜமாவா?" என்றாள். அவள் அப்பா போனதிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.