இடுப்புப் பட்டி

கொட்டகலையில் உயர்தரம் படித்தபோது, தொழினுட்பப் பாடச் செயற்றிட்டத்துக்காக, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஒரு கொழுந்துக் கூடை செய்தேன். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியே அவர் கழுத்து தேய்ந்திருந்தது. அதனால் பாரத்தைத் தோளுக்கு மாற்றி, ஆடாமலிருக்க இடுப்பில் இறுக்கமான பட்டி வைத்தேன்.

"கழுத்து வலியே தெரியல பாப்பா" என்று அம்மா சிரித்தார். பாடம் எடுத்த சேரும் பாராட்டினார்.

மறுவாரம் மலையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் கூடைகளைத் தலையிலிருந்து உதறிவிட்டு ஓடினார்கள். அம்மாவால் பட்டியைக் கழற்ற முடியவில்லை. கூடையோடு தேயிலைச் செடிகளில் சிக்கி விழுந்தவரைக் குளவிகள் மொய்த்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். நான் அழுவதைக் கேட்டுக் கையைத் தேடிப் பிடித்தார்.

"கூட ஒடஞ்சிருச்சு பாப்பா. சேரு மார்க்கக் கொறச்சிருவாரா?"

"இல்லம்மா" என்றேன். அன்று மாலையே அம்மா போய்விட்டார்.

செயற்றிட்டத்துக்கு நல்ல புள்ளிதான் கிடைத்தது. அம்மாவின் தோளை அளந்தேன், இடுப்பை அளந்தேன், கொழுந்தின் பாரத்தையும் நிறுத்துப் பார்த்தேன். அவர் ஓட வேண்டி வரும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.